உயிரிமருத்துவப் பொறியியல் இளநிலைக் கல்வி: அளவீடு, பாதுகாப்பு, மொழி

ஆய்வுச் சுருக்கம்

உயிரிமருத்துவப் பொறியியல் என்னும் நான்காண்டு இளநிலைப் படிப்பு, தமிழகத்தில் பெரும்பாலும் மருத்துவத்திற்கு ஒரு மாற்றாகவோ மின்னணுவியலின் ஒரு கிளையாகவோ கருதப்படுகிறது. உயிருள்ள உடலுக்குத் தீங்கு நேராமல் அதனை அளப்பதும், அளந்து பெற்றதில் மெய்யையும் பிழையையும் பிரித்தறிவதுமே இப்படிப்பின் உயிர்நாடி என்பதை இதய மின்வரைவி முதலிய சான்றுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. மாணவர் சேர்க்கையில் உயிரியலுக்கு இடமின்மை, நோயாளியின் மொழி பாடத்திட்டத்திற்கு வெளியே நிற்றல் ஆகிய இரு இடைவெளிகளையும், அவற்றில் பின்னதைக் குறைக்கப் பொறியியல் கல்லூரித் தமிழாசிரியர்க்கு உள்ள வாய்ப்பையும் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: உயிரிமருத்துவப் பொறியியல், இதய மின்வரைவி, கசிவு மின்னோட்டம், அறிவியல் தமிழ், கலைச்சொல்.

முன்னுரை

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் பெற்றோர் பலர் ஆசிரியர்களை நாடி வந்து கேட்கும் கேள்விகளுள் ஒன்று, ‘மருத்துவம் கிடைக்கவில்லை, உயிரிமருத்துவப் பொறியியல் சேர்க்கலாமா?’ என்பது. இக்கேள்வியில் ஒரு பிழையான எண்ணம் உள்ளது. இப்படிப்பு மருத்துவத்தின் குறுக்குவழி அன்று. இதனை முடித்தவர் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் உரிமை பெறுவதில்லை. மருத்துவர் கையாளும் கருவியை உருவாக்குவதும், சோதிப்பதும், பழுதின்றிக் காப்பதும், அக்கருவி தரும் எண்ணும் கோடும் நம்பத்தக்கனவா என்பதற்குப் பொறுப்பேற்பதுமே அவர் பணியாகும்.

இதற்கு நேரெதிரான எண்ணமும் மாணவரிடையே உண்டு. ‘இது மின்னணுவியல்தான், உடற்கூறு இரண்டு தாள் கூடுதலாக இருக்கும்’ என்பது அது. சேர்க்கை முறையே இவ்வெண்ணத்திற்கு இடம் தருகிறது எனலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் தரவரிசை 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உயிரியல் மதிப்பெண் இக்கணக்கில் சேர்வதில்லை. மேல்நிலையில் கணினி அறிவியல் பிரிவில் பயின்று, பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிட்ட ஒருவரும் இப்படிப்பில் சேரலாம், சேர்கின்றனர். அவர்க்கு உடலியங்கியல் முற்றிலும் புதிய நிலம். உயிரியல்–கணிதப் பிரிவிலிருந்து வந்தவர்க்கோ நிரலாக்கம் புதியது. ஒரே வகுப்பறையில் இவ்விருவரும் அருகருகே அமர்கின்றனர். முதலாண்டுக் கற்பித்தலில் எழும் இடர்களுள் பலவற்றை இந்த ஓர் உண்மையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். உயிரித் தொழில்நுட்பம் வேறு. உயிரிமருத்துவப் பொறியியல் வேறு. முன்னது உயிரணுவையும் நொதியையும் நுண்ணுயிரையும் தொழிலுக்குப் பயன்படுத்துவது. பின்னது பொறியியலை மனித உடலின் பக்கம் திருப்புவது. பாடப்பொருள்களை அடுக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களிலேயே காணலாம். உடலியங்கியல், மின்சுற்று, உணரிகள், குறிகைச் செயலாக்கம், மருத்துவப் படிமம், உயிரிப்பொருள்கள், மருத்துவமனைப் பயிற்சி எனத் தனித்தனியே தோன்றும் தாள்கள் எந்தப் புள்ளியில் ஒன்றுகூடுகின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஒரு மில்லிவோல்ட்டைத் தேடி

நான்காண்டுக் கல்வி முழுவதையும் ஒரே கருவியைக் கொண்டு விளக்க வேண்டுமாயின், ஈ.சி.ஜி. என்று மக்கள் வழங்கும் இதய மின்வரைவியே அதற்கு ஏற்றது. 1887இல் இலண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின்மாற்றத்தை உடலின் மேற்பரப்பிலிருந்தே பதிவுசெய்தார். அப்பதிவு தெளிவற்றதாக இருந்தது. அதனைத் தெளிவாக்கியவர் நெதர்லாந்தின் லைடன் நகரைச் சேர்ந்த வில்லெம் ஐன்தோவன். மெல்லிய இழை ஒன்றைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு, அதன் அசைவை ஒளியால் பதிவுசெய்யும் கருவியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் உருவாக்கினார். அது ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ளது. இயக்க ஐவர் தேவைப்பட்டனர். நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புக்கரைசல் நிறைந்த கலன்களில் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். 1924ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஐன்தோவனுக்கு இதன் பொருட்டே வழங்கப்பட்டது. அவர் மருத்துவம் பயின்றவர். தம் தேவைக்காக இயற்பியலைக் கற்றுக்கொண்டார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. இன்று இளநிலை வகுப்பில் சேரும் மாணவர் பெரும்பாலும் அதே பாலத்தை எதிர்க்கரையிலிருந்து கடக்கின்றனர்.

இன்றைய கருவி உள்ளங்கையில் அடங்கும். ஆயினும் சிக்கல் மாறவில்லை. தோலின் மேல் கிடைக்கும் இதயக் குறிகையின் உயரம் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனை எடுக்க ஒட்டப்படும் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனையோ, வேதிவினையால் தானே 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஒரு மின்னழுத்தத்தை ஏற்படுத்துகிறது. அளக்க விரும்பும் பொருளைவிட அளக்கும் கோல் இருநூறு மடங்கு பேசுகிறது! வேதியியல் தாள் ஏன் என்று முணுமுணுக்கும் முதலாண்டு மாணவர்க்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. இரு மின்முனைகளும் ஒரே தன்மையின என்பதால் அவற்றின் வேறுபாட்டை மட்டும் பெருக்கும் வேறுபாட்டுப் பெருக்கி பயன்படுகிறது. இரண்டிலும் பொதுவாக உள்ளது தள்ளப்பட, வேறுபடுவது மட்டும் எஞ்சுகிறது.

அடுத்த பகை சுவரில் உள்ளது. மின்கம்பிகள் ஏந்தி வரும் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் அறையிலுள்ள மனித உடலையும் ஓர் அலைவாங்கியாக்கிவிடுகிறது. நோய் அறிதலுக்கான இதய மின்வரைவு 0.05 ஹெர்ட்ஸ் முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைத் தாங்கி நிற்க வேண்டும். இரைச்சலின் இருப்பிடம் இவ்வெல்லைக்கு நடுவே அமைந்துள்ளது. ஆகவே ‘வேண்டாததை வடித்துவிடலாம்’ என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது. வலக்கால் மின்முனையின் வழி உடலின் பொது மின்னழுத்தத்தைத் திருப்பி ஊட்டி அடக்குவது ஒரு வழி. கம்பிகளை நெருக்கிப் பிணைப்பதும், தோலைத் தூய்மைசெய்து ஒட்டுவதும் அதைவிட எளிய வழிகள். பின்னவற்றைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடும். மருத்துவமனைப் பயிற்சியில் மாணவர் முதலில் கற்பது அவற்றையே.

இவ்விடத்தில்தான் மின்னணுவியல் மாணவரும் உயிரிமருத்துவ மாணவரும் பிரிகின்றனர் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நோயாளி மூச்சு விடும்போது வரைகோடு மேலும் கீழும் மெல்ல அலையும். அதனை நிறுத்த, வடிப்பானின் கீழெல்லையை 0.05இலிருந்து 0.5 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் கோடு அழகாக நேராகிவிடும். தொடர் கண்காணிப்புக் கருவிகளில் அவ்வாறே செய்கின்றனர். ஆனால் எளிய வடிப்பான் ஒன்றைக் கொண்டு அதனைச் செய்யும்போது, இதயத் துடிப்பு அலையில் மாரடைப்பின் அடையாளம் தோன்றும் பகுதி, அதாவது ‘எஸ்.டி.’ எனப்படும் தட்டையான இணைப்புப் பகுதி, உருத்திரிந்துவிடக்கூடும். இல்லாத நோய் இருப்பதுபோலத் தோன்றலாம், இருப்பது மறையலாம். தூய கோட்டைக் கண்டு மகிழ்வது மின்சுற்று அறிவு. அக்கோட்டிலிருந்து எது நீங்கியது என்று ஐயுறுவது உயிரிமருத்துவ அறிவு. இந்த ஐயம் உடலியங்கியல் தாளிலிருந்து மட்டுமே பிறக்கும். ஆதலால் அத்தாளைத் தேர்ச்சிக்காக மட்டும் படித்துக் கடப்பது, மேலோட்டமான கல்விக் குறை அன்று. பிற்காலத்தில் யாரோ ஒரு நோயாளியைத் தொடும் குறை.

தோல் என்னும் காப்பு

பிற பொறியியல் துறைகளில் சோதிக்கப்படும் பொருளை நிறுத்தலாம், பிரிக்கலாம், உடைந்தால் வேறொன்று வாங்கலாம். இங்கு அவை எவையும் இயலா. பாதுகாப்பு இப்படிப்பில் ஒரு பிற்சேர்க்கையாக இல்லாமல் முதற்பொருளாக இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

கையால் தொடும்போது ஏறத்தாழ ஒரு மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை மனிதர் உணரத் தொடங்குகின்றனர். பத்து மில்லிஆம்பியருக்கு மேற்பட்ட அளவில் தசை இறுகி, பிடித்ததை விட இயலாமற் போகிறது. நூறு மில்லிஆம்பியர் அளவில் இதயத் துடிப்பு குலைந்து உயிர் போகலாம். இவை தோலின் வழிச் செல்லும் மின்னோட்டத்திற்கு உரியவை. இதயத்திற்குள் ஒரு வடிகுழாய் செருகப்பட்டுள்ள நோயாளிக்கு அந்தக் காப்பு இல்லை. அவர்க்கு நூறு மைக்ரோஆம்பியர், அதாவது முன்சொன்னதில் ஆயிரத்தில் ஒரு பங்கே, கேடு விளைவிக்கப் போதுமானது. செவிலியர் கை அதனை உணராது, கண் காணாது. 1977இல் முதற்பதிப்பு வெளியான ஐ.இ.சி. 60601-1 என்னும் பன்னாட்டுச் செந்தரம், இதயத்தை நேரடியாகத் தொடும் பகுதிகளுக்கு இயல்பு நிலையில் நோயாளி வழிக் கசிவு மின்னோட்டம் 10 மைக்ரோஆம்பியரைத் தாண்டலாகாது என வரையறுப்பதன் பின்னணி இதுவாகும். ஒரு கூறு பழுதுற்ற நிலையிலும் அது 50ஐ மிஞ்சக்கூடாது. ‘பழுதுபடாத கருவி செய்க’ என்று அச்செந்தரம் கூறவில்லை. பழுதுபட்டாலும் கொல்லாத கருவியைச் செய்யச் சொல்கிறது. தேர்வுக்காக எண்களை மனனம் செய்யும் மாணவர்க்கு இவ்வேறுபாடு புலப்படும்படி கற்பிப்பதே ஆசிரியரின் கடமை.

இந்தியாவில் மருத்துவக் கருவி விதிகள் 2017இல் இயற்றப்பட்டு 2018 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. கருவிகள் இடர் அளவின்படி ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. இவ்விதிகள் தெரிந்த பட்டதாரிக்கு இன்று தொழிற்களத்தில் தனித் தேவை உண்டு. மின்சுற்று மட்டும் தெரிந்தவருக்கு அத்தகைய தனித்தேவை இல்லை.

எண் 54

கேடு எப்போதும் மின்சாரமாகவே வருவதில்லை, சொல்லாகவும் வரலாம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்–25 என்னும் புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவிறந்த கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுள் சிலர் இறந்தனர். முந்தைய வடிவங்களில் இருந்த இயந்திரப் பூட்டுகளை நீக்கிவிட்டு, காவற்பணியை மென்பொருளிடம் ஒப்படைத்ததே அடிப்படைக் காரணம். இயக்குபவர் தட்டச்சில் விரைந்து திருத்தம் செய்தபோது மென்பொருளின் இரு பகுதிகள் ஒன்றையொன்று முந்தின. அப்போது திரையில் தோன்றியது ‘பிழை 54’ என்னும் பொருள்பட்ட சிறு தொடர் மட்டுமே. அதன் பொருளைக் கையேடும் விளக்கவில்லை. நாள்தோறும் இத்தகைய பல பிழைச்செய்திகளைக் கண்டு பழகியிருந்த இயக்குபவர் ‘தொடர்க’ என்னும் விசையை அழுத்தினார்.

உலகெங்கும் மென்பொருள் வகுப்புகளில் இந்நிகழ்ச்சி நிரலாக்கப் பிழைக்குச் சான்றாகக் கற்பிக்கப்படுகிறது. மொழி பயில்வோர் இதனை வேறொரு கோணத்திலும் நோக்கலாம். மனித உயிரைப் பற்றிய எச்சரிக்கை, அதனைப் படிப்பவர்க்குப் பொருள் தராத குறியீடாக இருந்தது என்பதே இங்கு நிகழ்ந்த இரண்டாவது பிழை.

அளவீட்டுப் பிழை சிலரை மட்டும் தாக்குவதும் உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியின் அடிப்படையை 1970களின் தொடக்கத்தில் சப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி கண்டறிந்தார். பொதுவாக 660, 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள இரு ஒளிகளைச் செலுத்தி, குருதி உறிஞ்சும் வேறுபாட்டிலிருந்து ஆக்சிஜன் அளவு கணிக்கப்படுகிறது. கொரோனா காலத்தில் ‘94க்குக் கீழே போனால் மருத்துவமனை’ என்று தமிழகத்தின் வீடுகளிலும் இந்த எண் பேசப்பட்டது. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, இக்கருவி காட்டத் தவறிய ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மும்மடங்கு காணப்பட்டது. தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவது இயற்பியல். எந்தத் தோலில் கருவியைச் சோதித்தோம் என்பதோ வடிவமைத்தவரின் தேர்வு. பலவகைத் தோல்நிறம் கொண்ட நம் வகுப்பறையில், மாணவர் தம் விரல்களையே கொண்டு விவாதிக்கத்தக்க பாடம் இது.

மருத்துவரோடு அமர்தல்

திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வு, இத்துறையின் உழைப்பு எத்தகையது என்பதற்கு அண்மையிலுள்ள சான்று. அறுவைச் சிகிச்சை வல்லுநர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வர் முதலியோர் இணைந்து உழைத்தனர். நிமிடத்திற்கு 72 துடிப்பு எனக் கொண்டால் ஒரு வால்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி முறை திறந்து மூடவேண்டும். முதல் மூன்று வடிவமைப்புகளும் தோற்றன. கோபால்ட் அடிப்படையிலான உலோகக் கலவைச் சட்டத்தில் சாயும் பாலித்தீன் வட்டு பொருத்திய நான்காம் வடிவம் ஆடுகளில் சோதிக்கப்பட்டு, 1990 டிசம்பரில் முதன்முறையாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பொருளியல், பாய்ம இயக்கவியல், குருதியியல், அறுவை மருத்துவம் ஆகியவை ஒரே மேசையில் அமர்ந்ததன் விளைவு இது.

அத்தகைய மேசை இளநிலைப் படிப்பிலேயே மாணவர்க்குக் கிடைக்கிறதா என்பதே ஒரு கல்லூரியைத் தெரிவுசெய்யும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி. கட்டட அழகோ வேலைவாய்ப்புப் பட்டியலோ அதற்குப் பின் வரவேண்டியவை. மருத்துவமனைப் பயிற்சி சில கல்லூரிகளில் வாரக்கணக்கில் நிகழ்கிறது. சிலவற்றில் ஒரு நாள் சுற்றுலாவாக முடிந்து சான்றிதழாக மாறிவிடுகிறது. பட்டம் பெற்றோருள் ஒரு பகுதியினர் துறையை விட்டு மென்பொருள் நிறுவனங்களுக்குச் செல்வதும் கண்கூடு. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. மேற்படிப்பை நாடுவோர்க்கு வழி சற்றே அகன்றுள்ளது: 2020 முதல் கேட் தேர்வில் உயிரிமருத்துவப் பொறியியல் தனித்தாளாக உள்ளது. 2023இல் சென்னை ஐ.ஐ.டி. மருத்துவ அறிவியலையும் பொறியியலையும் இணைத்து நான்காண்டு இளநிலைப் படிப்பொன்றைத் தொடங்கியுள்ளது.

நோயாளியின் மொழி

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. உயிரிமருத்துவப் பொறியியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. தமிழ்வழியில் மின்தடை, மின்தேக்கி, பெருக்கி என்று கற்றுத் தெளிந்த அரசுப் பள்ளி மாணவர், முதற்பருவத்தில் தம் சொற்கள் அனைத்தையும் வாயிலில் கழற்றிவைத்து நுழைகிறார். நான்காண்டு கழித்து மருத்துவமனைக்கு வரும்போது அவரெதிரே அமர்ந்திருப்பவர் தமிழ் மட்டுமே அறிந்த நோயாளி. அவரிடம் பேச அந்தப் பட்டதாரியிடம் சொல் இருப்பதில்லை.

பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்னும் தாள்கள் முதலிரு பருவங்களில் இடம்பெற்றன. அவற்றைக் கற்பிப்போருள் இவ்விதழின் வாசகர் பலர் இருக்கக்கூடும். பண்டைப் பெருமையைக் கூறுவதோடு அமையாமல், மாணவரின் துறையைத் தமிழில் எழுதிப் பழக்கவும் இவ்வகுப்பில் இடமுண்டு. கலைச்சொல்லாக்கம் அங்கே உயிருள்ள பயிற்சியாகிறது. சமிக்ஞை, குறிகை, சைகை என ஒரே பொருளுக்கு மூன்று வழக்குகள் உள்ளன. எது நோயாளிக்கும் எட்டும்? ‘இரைச்சல்’ காதுக்கு உரிய சொல். கண்ணால் காணும் கோட்டின் குழப்பத்திற்கு அது பொருந்துமா? நோயாளி கையை அசைப்பதாலோ மின்முனை தளர்வதாலோ தோன்றும், இதயத்திற்குத் தொடர்பில்லாத அலையை எப்பெயரால் சுட்டுவது? வகுப்பில் ஒருவர் ‘பொய்யலை’ என்றார். கலைச்சொல் அகராதிகளில் உள்ளவற்றைவிட இது செவிலியருக்கு விரைந்து விளங்கும் என்றே தோன்றுகிறது.

இக்கட்டுரையாளர் அளித்த ஒரு பயிற்சி: ‘ஈ.சி.ஜி. எடுக்க வந்துள்ள முதியவர் ஒருவரிடம் நீங்கள் கூறவேண்டியதை ஒரு பக்கத்திற்குள் எழுதுக.’ பெரும்பாலோர் ஆங்கிலச் சொற்களையே தமிழ் எழுத்தில் எழுதினர். மார்பில் மின்முனை ஒட்ட ஆடை விலக்கவேண்டியிருக்கும் என்பதையும், அதற்குத் திரையும் முன்னறிவிப்பும் தேவை என்பதையும் ஒருவரும் எழுதவில்லை. நான்காம் விலா இடைவெளியில் ஒட்டவேண்டிய மின்முனை கூச்சத்தின் காரணமாக இடம் மாறினால் வரைகோடும் மாறிவிடும் என்று விளக்கிய பின்னரே அது அவர்களுக்கு உறைத்தது.

மேல்நிலையில் கணினி அறிவியல் பயின்ற மாணவி ஒருவர் மட்டும், தம் பாட்டியின் கேள்வியிலிருந்து தொடங்கியிருந்தார்: ‘கரண்டு வைப்பாங்களா?’ அதற்கு அவர் எழுதிய விடை: ‘இல்ல பாட்டி, இது உங்க உடம்புக்குள்ள எதையும் அனுப்பாது. உங்க நெஞ்சு தானா சொல்றத எழுதிக்கும். எழுதற வரைக்கும் கையை மட்டும் அசைக்காம இருங்க.’

அத்தாளைக் கருவியியல் கற்பிக்கும் பேராசிரியரிடம் காட்டியபோது அவர் ஒரு சொல்லில் நின்றார். ‘எதையும் அனுப்பாது’ என்பது முழு உண்மையன்று; மிகச் சிறிதாயினும் கசிவு மின்னோட்டம் இருக்கும், அதனை வரம்புக்குள் நிறுத்துவதே நம் வேலை என்றார். பாட்டியை அச்சுறுத்தாமலும் பொய் கூறாமலும் அதனை எவ்வாறு சொல்வது என்று அடுத்த வகுப்பு முழுவதும் பேசினோம். இறுதியில் அம்மாணவி திருத்தி எழுதியது: ‘உங்களுக்குத் தீங்கு வர்ற அளவுக்கு எதுவும் உள்ள போகாது, போகாம இருக்கான்னு நாங்க சோதிச்சுட்டுத்தான் வச்சிருக்கோம்.’